இரைச்சலுக்குள் பறவையைக் கேட்பது: தெலுக் இந்தானில் தொடங்குவோருக்கு

பறவைக் குரல்களைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் காட்டுக்குப் போகலாம் என்பதைத்தான். கேமரன் மலைக்கோ தைப்பிங் பக்கமோ போய் வருவது நல்லதே. ஆனால் நகரத்தின் சத்தம் பறவைகளின் பேச்சை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் காடு உதவாது. அதற்குச் சத்தம் மிகுந்த ஓர் இடம் வேண்டும். சத்தம் குறைந்த இன்னோர் இடம் பக்கத்திலேயே வேண்டும். இரண்டிலும் ஒரே பறவை வாழவும் வேண்டும். இந்த மூன்றும் கூடி வருவது தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரங்களில்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானில், 1885இல் கட்டிய சாய்ந்த மணிக்கூண்டைச் சுற்றிப் பகல் முழுதும் வண்டிகள் ஓடுகின்றன. பீடோருக்குப் போகும் 58ஆம் எண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் உறுமுகின்றன. அதே சாலையிலிருந்து ஒரு மண்பாதையில் திரும்பினால் தோட்டம் வந்துவிடும். குண்டுகரிச்சான் இரண்டு இடத்திலும் பாடுகிறது.

கைப்பேசியும் ஒரு நோட்டும் போதும். தொலைநோக்கி இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாததற்காக யாரும் தயங்க வேண்டாம்.

முதலில் கடிகாரம்

பறவை சூரியனைப் பார்த்து எழுகிறது, நாம் கடிகாரத்தைப் பார்த்து எழுகிறோம். தீபகற்ப மலேசியாவில் இந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி, சபா, சரவாக் நேரத்தோடு பொருந்துவதற்காக இங்குள்ள கடிகாரங்களை அரை மணி நேரம் முன்தள்ளினார்கள். (தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனதும் அதே ஆண்டில்தான்.) அதனால் இங்கே சூரியன் எழுவது 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ஆறரை மணிக்கு சன்னலைத் திறந்து, இன்னும் விடியவில்லையே என்று மறுபடி படுத்துக்கொள்வார்கள்.

விடியல் பாட்டு சூரியன் எழுவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். பள்ளிகளோ 7.30 மணியளவில் தொடங்குகின்றன. ஆகவே பிள்ளைகளை ஏற்றிய வேன்களும் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் சாலைக்கு வருவது, பறவைகள் உச்சத்தில் பாடும் அதே நேரத்தில். சூரியன் ஆறு மணிக்கு எழும் ஊர்களில் பறவைகளுக்கு வண்டிகள் கிளம்பும் முன் ஒரு மணி நேரமாவது மிஞ்சும். நம் ஊரில் அந்த ஒரு மணி நேரத்தைக் கடிகாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பறவைகளும் சும்மா இருப்பதில்லை. ஸ்பெயினில் விமான நிலையங்களை ஒட்டி வாழும் சில பறவைகள், வேறு இடங்களில் வாழும் தங்கள் இனத்தாரைவிட முன்னதாகவே விடியல் பாட்டைத் தொடங்குவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபின் பறவைகள் இரவில் பாடுவதற்குத் தெருவிளக்கைவிடப் பகல்நேரச் சத்தமே வலுவான காரணம் என்று 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. ஆகவே உங்கள் நோட்டில் முதலில் எழுத வேண்டியது நேரம். முதல் பாட்டு எத்தனை மணிக்கு எழுந்தது, முதல் லாரி எத்தனை மணிக்குப் போனது என்ற இரண்டையும் குறியுங்கள். காலை 6 மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். 7.15க்கு எழுந்து வேலைக்கும் போய்விடலாம்.

மூன்று இடங்கள்

ஒன்று நகரத்துக்குள், சாலையோரத்தில், மரம் நிற்கும் ஏதாவது ஓரிடம். இரண்டாவது ஒரு தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், பின்வரிசை. அங்கே முருங்கையும் வாழையும் வைத்த வீடுகள் இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது செம்பனைத் தோட்டத்துக்குள், பெருஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது உள்ளே.

ஒரு கிலோமீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். தனி லாரி ஒன்று நின்ற இடத்தில் உறுமினால், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். வண்டிகள் இடைவிடாமல் ஓடும் சாலையோ நீண்ட கோடாகச் சத்தம் எழுப்புகிறது. அங்கே தூரம் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் குறையும். ஐம்பது மீட்டர் உள்ளே போய்விட்டு அமைதியான இடம் என்று குறித்துக்கொள்வது பயனற்றது. நடுவில் சில வரிசை மரங்கள் நிற்பதும் பெரிதாக உதவாது. மரங்கள் வண்டியை மறைப்பதால் சத்தமும் மறைந்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தோட்டம் தனியார் நிலம். லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்கள்கூட இப்போது காவல் சாவடியில் நின்று கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அலுவலகத்தில் எழுத்தரான கிராணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். மறுநாள் எந்தப் பகுதியில் குலை வெட்டுகிறார்கள், எங்கே மருந்தடிக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டு நடக்கும் நிரையில் நிற்கவே கூடாது. தலைக்கு மேலிருந்து விழும் குலையும் மட்டையும் ஆளைக் கொல்லும். எலியைத் தேடி நாகப்பாம்பு வரும் இடமும் அதுதான். முழங்கால் வரை ரப்பர் காலணி போடுங்கள், மட்டைக் குவியலில் உட்காராதீர்கள்.

தோட்டத்துக்கும் நகரத்துக்கும் சத்தத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். இரை, கூடு கட்டும் இடம், பூனை, தெருவிளக்கு எல்லாமே மாறுகின்றன. செம்பனைத் தோட்டம் அமைதியாக இருக்கலாம், ஆனால் காட்டோடு ஒப்பிட்டால் அங்கே பறவை இனங்கள் மிகக் குறைவு. இந்தச் சிக்கலை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆய்வாளர்கள் அழகாக அவிழ்த்தார்கள். சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வைத்து, வண்டிச் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். புகை இல்லை, விளக்கு இல்லை, தார் இல்லை. அப்படியிருந்தும் இடம்பெயரும் பருவத்தில் அங்கே தங்கும் பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கு மேல் குறைந்தது. நமக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே இனங்களை எண்ணி ஒப்பிடும் வேலையை விட்டுவிட்டு, ஒரே இனத்தை மூன்று இடத்திலும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்கு பறவைகள் போதும்

தொடங்கும்போதே நாற்பது குரல்களைப் பிடிக்க முயல்கிறவர்கள் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள். குண்டுகரிச்சான், தையல்சிட்டு, புள்ளிப்புறா, செண்பகம் ஆகிய நான்கையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குண்டுகரிச்சானை மலாய்க்காரர்கள் முராய் என்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு கம்பத்தின் உச்சியிலோ கூரை முனையிலோ உட்கார்ந்து பாடும். பாட்டு நீண்டது, திருப்பங்கள் நிறைந்தது. ஒரு பறவையே பல வகைச் சொற்றொடர்களை மாற்றி மாற்றிப் பாடும். விளக்கெரியும் தெருக்களில் நன்றாக இருட்டியிருக்கும்போதே அது தொடங்கிவிடுவதைக் கேட்கலாம். நம் ஆய்வுக்கு இதைவிடத் தோதான பறவை இல்லை. உயரத்தில் உட்காருவதால் கண்ணுக்குப் படுகிறது, ஒரே இடத்தில் நாள்தோறும் பாடுகிறது, நகரத்திலும் செம்பனையிலும் வாழ்கிறது.

தையல்சிட்டு உடலைவிடக் குரல் பெரிதான பறவை. செம்பருத்திப் புதருக்குள் மறைந்துகொண்டு ஒரே சொல்லைக் கூர்மையாகத் திரும்பத் திரும்பச் சொல்லும். புள்ளிப்புறாவின் கூவலும் செண்பகத்தின் ஆழ்ந்த புட்புட் ஒலியும் இதற்கு நேரெதிர். இவை இரண்டும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு (சுருதியின் உயரத்தை அளக்கும் அலகு) கீழே ஒலிப்பவை, லாரியின் உறுமல் படுத்திருக்கும் அதே தளத்தில்.

இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. குண்டுகரிச்சானும் தையல்சிட்டும் பாடும் பறவைகள் என்ற பெரும் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவில் குஞ்சுகள் பெரியவற்றைக் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. சத்தத்தில் கேட்காத சுரங்கள் அடுத்த தலைமுறைக்குப் போகாமலே நின்றுவிடலாம். புறாவும் செண்பகமும் அப்படிக் கற்பவை அல்ல, அவற்றின் கூவல் பிறவியிலேயே அமைந்தது. ஆகவே சத்தம் ஏறும்போது இந்த இரு அணிகளுக்கும் கிடைக்கும் வழிகள் வேறு வேறு. இருந்தும் புள்ளிப்புறா நகரத்தில் கொழிக்கிறது. தாழ்ந்த குரல் உடைய பறவையெல்லாம் நகரத்தைவிட்டு ஓடிவிடும் என்று எளிதாக எழுதிவிடுகிறவர்களுக்கு அந்தப் புறா ஒரு நல்ல பதில்.

மெர்போக் என்று பெயர் பெற்ற வரிப்புறாவை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது அழகாகக் கூவும். ஆனால் கேட்பதில் பாதி கூண்டுப் பறவையாக இருக்கும். கடை வாசலிலும் வீட்டு முன்புறத்திலும் கூண்டு தொங்கினால் முராய் விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். பாடுவது கூண்டா கிளையா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

பறவைக்கு முன் சத்தத்தைக் கேளுங்கள்

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படி இது. எனக்கு இதுதான் முக்கியம். உட்கார்ந்ததும் ஐந்து நிமிடம் பறவையைக் கவனிக்காதீர்கள். சத்தத்தை மட்டும் கேளுங்கள். எங்கிருந்து வருகிறது, தாழ்ந்ததா கூர்மையானதா, தொடர்ச்சியா விட்டுவிட்டா என்று எழுதுங்கள்.

வண்டிச் சத்தத்தின் வலு பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. பறவைப் பாட்டுகளில் பெரும்பாலானவை 1 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியவை. இரண்டும் மோதும் இடத்தில் பாட்டின் அடிப்பகுதி மூழ்கிப்போகும், மேற்பகுதி தப்பிக்கும். பின்னணிச் சத்தம் 6 டெசிபல் கூடினால் ஒரு பறவையின் குரல் எட்டும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தூரம் பாதியானால் பரப்பு கால் பங்கு. துணை தேடும் ஆணுக்கு அது முக்கால் பங்கு கேட்போரை இழப்பது. அதே கணக்கு அபாயக் குரலுக்கும் பொருந்தும், இரை கேட்டுக் கத்தும் குஞ்சுக்கும் பொருந்தும். பிரிட்டனின் லண்டி தீவில் மின்னாக்கிகளுக்கு அருகே கூடு கட்டிய சிட்டுக்குருவிகள், அமைதியான இடத்தில் கட்டியவற்றைவிடக் குறைந்த தடவையே குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்தன என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது.

நம் ஊருக்கே உரிய சத்தங்களும் உண்டு. முதுகில் சுமந்து புல் வெட்டும் இயந்திரம் அவற்றில் ஒன்று. தாமானிலும் கல்லறையிலும் பள்ளித் திடலிலும் காலையிலேயே தொடங்கிவிடும். அது லாரி போலத் தாழ்ந்து உறுமுவதோடு நிற்காமல் கூர்மையாகவும் அலறுகிறது, பறவைப் பாட்டின் நடுப்பகுதிவரை மூடிவிடுகிறது. அது ஓடும்போது எடுத்த குறிப்பைத் தனியாக வையுங்கள்.

இன்னொன்று வாலிட் கட்டடங்கள். வாலிட் எனப்படும் உழவாரன் இனத்துப் பறவைகளைக் கூடு கட்ட அழைப்பதற்காகக் கடைவீட்டு மாடிகளிலும் சன்னலில்லாத உயர்ந்த கட்டடங்களிலும் அவற்றின் குரலை ஒலிபெருக்கியில் ஓயாமல் போடுகிறார்கள். புதிதாக வருபவர் மேலே அண்ணாந்து, எத்தனை பறவைகள் என்று வியப்பார். பாதி பதிவுசெய்த ஒலி. கைப்பேசிச் செயலியும் ஏமாந்து அந்தப் பெயரைப் பட்டியலில் போட்டுவிடும். ஆனால் ஏமாற்றத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வாலிட்டின் கீச்சொலி உயர்ந்த சுருதி உடையது. மேலை நாட்டு ஆய்வுகளில் பறவை தப்பிக்கும் வழி பெரும்பாலும் மேல்நோக்கியது, வண்டி கீழே உறுமினால் பாட்டை மேலே ஏற்றுவது. வாலிட் கட்டடத்தின் கீழ் உட்காரும் குண்டுகரிச்சானுக்குக் கீழே லாரி, மேலே ஒலிபெருக்கி. அது என்ன செய்கிறது என்று கேட்பதற்கு பெர்லினிலோ லண்டனிலோ வாழ்கிறவர்களுக்கு வாய்ப்பில்லை. நமக்கு இருக்கிறது.

பூச்சிகளையும் சத்தக் கணக்கில் சேருங்கள். சில்வண்டும் சுவர்க்கோழியும் தோட்டத்துக்குள் உயர்ந்த சுருதியைப் பிடித்துக்கொள்கின்றன. அமைதி என்று நாம் சொல்லும் இடத்திலும் பறவை காலி இடம் பார்த்துத்தான் பாட வேண்டும்.

டெசிபல் அளக்கும் செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த எண்ணைப் புனிதமாக்காதீர்கள். ஒரே கைப்பேசியில், ஒரே உயரத்தில் பிடித்து, இந்த இடத்தைவிட அந்த இடம் கூடுதல் என்று சொல்ல மட்டும் அது உதவும். உங்கள் காதை அதைவிட நம்பலாம். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுப்பதில் மனிதக் காது பெரும்பாலான பறவைகளின் காதைவிடத் தேர்ந்தது. சாலையோரத்தில் அந்தப் புறாவின் கூவலை நீங்களே தடுமாறித்தான் கேட்கிறீர்கள் என்றால், அதே தொலைவில் நிற்கும் இன்னொரு புறாவுக்கு அநேகமாக அது எட்டவே இல்லை. பாடும் பறவையிலிருந்து மெல்லப் பின்னோக்கி நடந்து, குரல் மறையும் இடம்வரை அடி எண்ணுங்கள். மூன்று இடத்திலும் இதைச் செய்து பார்த்தால் குரல் எட்டும் தூரம் என்பது என்னவென்று கால்களுக்கே தெரியும். சாலையோரத்தில் பின்னால் வரும் வண்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்தல்

கைப்பேசியில் சுருக்கப்படாத வேவ் வடிவில் பதிவு செய்யும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது, பறவையையும் இரைச்சலாக நினைத்துத் துடைத்துவிடும். ஒலிவாங்கியைப் பறவையை நோக்கிக் காட்டி, கையை அசைக்காமல், இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். பாட்டு முடிந்த பிறகு உங்கள் குரலில் இடம், நேரம், பறவை உட்கார்ந்திருந்த உயரம், உங்களுக்கும் அதற்கும் இடைப்பட்ட தூரம், பக்கத்தில் ஓடிய இயந்திரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் வருவதற்குள் மறந்துவிடும்.

பெயர் தெரியாத குரலுக்கு மெர்லின், பேர்ட்நெட் ஆகிய செயலிகள் கைகொடுக்கும். லாரி போகும் நொடியில் செயலி எதையும் காட்டவில்லை என்பதற்குப் பறவை பாடவில்லை என்று பொருளல்ல. அதற்குக் கேட்கவில்லை, அவ்வளவே.

பறவையை வரவழைக்க அதன் பாட்டையே ஒலிக்கவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். அந்த ஆண் தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு வரும். நீங்கள் அளக்க வந்ததும் அதன் இயல்பான பாட்டைத்தான். கலைத்துவிட்ட பாட்டு கணக்கில் சேராது.

வரைபடத்தில் கண் ஏமாறும்

வீட்டுக்கு வந்ததும் பதிவைக் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக சுருதி. வண்டிச் சத்தம் அடியில் தடித்த பட்டையாகக் கிடக்கும். அதற்கு மேலே குண்டுகரிச்சானின் பாட்டு கொடிக்கோலம் போல வளைந்து வளைந்து ஓடும். முதன்முறை பார்ப்பவர்கள் அரை மணி நேரம் அதிலேயே மயங்கிவிடுவது வழக்கம்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் பட்டாணிக்குருவிகளைப் பதிவு செய்து, சத்தம் மிகுந்த இடத்தில் பாடும் ஆண்களின் பாட்டில் மிகத் தாழ்ந்த சுரம் உயர்ந்திருக்கிறது என்று 2003இல் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலகெங்கும் இதைப் பின்பற்றிப் பலர் அளந்தார்கள். நீங்களும் அளக்க ஆசைப்படுவீர்கள். அங்கேதான் பொறி இருக்கிறது. சாலையோரப் பதிவில் தாழ்ந்த, மெலிந்த சுரங்கள் இரைச்சல் பட்டைக்குள் மறைந்துவிடும். கண்ணால் அடி விளிம்பைத் தேடினால் அது உயர்ந்திருப்பது போலவே தெரியும். பறவை எதையும் மாற்றாமலேயே நாம் மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். பிற்கால ஆய்வாளர்கள் பழைய அளவுகள் பலவற்றின் மேல் இந்தச் சந்தேகத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. பறவைக்கு மிக அருகே எடுத்த, தெளிவான பதிவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். அடி விளிம்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொற்றொடரிலும் எந்தச் சுருதியில் வலு அதிகம் என்பதைப் பாருங்கள். ஒலியின் உரப்பைக் கைப்பேசிப் பதிவிலிருந்து அளக்கவே முயல வேண்டாம். கைப்பேசி தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கிக்கொள்ளும்.

எதைத் தேடுவது

மிக எளிதாகக் காதில் படும் மாற்றம் உரப்புதான். சத்தத்துக்கு நடுவே பேசும்போது நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை 1911இல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் பதிவு செய்தார். இரவுச் சந்தையில் விலை கேட்கும் யாரும் அதைச் செய்கிறார்கள். பறவைகளும் அப்படியே. பெர்லினில் நைட்டிங்கேல் பறவைகள், சத்தமுள்ள இடங்களில் அமைதியான இடங்களைவிட 14 டெசிபல் வரை உரக்கப் பாடின. வலுவில் அது ஏறத்தாழ 25 மடங்கு. வேலை நாள் காலைகளில் உரக்கவும் வார இறுதியில் மெதுவாகவும் அவை பாடின என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த தகவல். கோழிகூட இப்படிக் குரலை உயர்த்துகிறது. ஆகவே இதற்குப் பாட்டைக் கற்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சுருதி ஏறுவதும் சில இனங்களில் உரக்கப் பாடுவதன் பக்க விளைவாக இருக்கலாம் என்று ஐரோப்பியக் கரும்பறவைகளை ஆய்ந்தவர்கள் வாதிடுகிறார்கள். நாம் கத்தும்போது குரல் கீச்சிடுவதை நினைத்தால் அது நம்பத்தக்கதாகவே இருக்கிறது. பறவை திட்டமிட்டுத் தன் பாட்டைத் திருத்தியது என்று எழுத அவசரப்பட வேண்டாம்.

மூன்றாவது, நேரம். சாலைச் சமிக்ஞை சிவப்பாகி வண்டிகள் நிற்கும் இடைவெளியில் பாடுகிறதா? லாரி போகும்போது சொற்றொடரைப் பாதியில் நிறுத்துகிறதா? இதற்குக் கருவியே வேண்டாம், நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டுப் புள்ளி வைத்தால் போதும். நான்காவது, உட்காரும் உயரம். ஐந்தாவது, ஒரே சொற்றொடரை எத்தனை தடவை திரும்பச் சொல்கிறது. தொடங்குவோர் இந்த மூன்றையும் நம்பிக்கையோடு எடுக்கலாம். சுருதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தம் எல்லாப் பறவைக்கும் ஒரே மாதிரித் தீங்கு என்று முன்முடிவோடும் போகாதீர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் எரிவாயு இயந்திரங்களின் சத்தத்துக்கு அருகே பறவை இனங்கள் குறைந்தன. ஆனால் அங்கே தங்கியவற்றின் கூடுகள் கூடுதலாகப் பிழைத்தன, முட்டை திருடும் பறவைகள் சத்தத்துக்கு அஞ்சி விலகியதால். அதைப் படித்த பிறகு காகம் நிறைந்த நம் சந்தைப் பக்கத்தை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். காகமோ எந்தச் சத்தத்துக்கும் அஞ்சுவதில்லை, அது வேறு கதை.

ஊர் அடங்கும் நாட்கள்

ஒரே இடத்தில், ஒரே பறவை, சத்தம் மட்டும் மாறுகிறது என்றால் அதைவிட நல்ல சோதனை கிடையாது. பேராக்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை. ஞாயிறு காலையையும் திங்கள் காலையையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் கடைகள் மூடியிருக்கும், லாரிகள் குறையும். ஆனால் முந்தைய இரவு பட்டாசு வெடித்திருந்தால் அந்தக் காலை இயல்பான காலை ஆகாது. சித்திரைப் பௌர்ணமித் திருவிழாவில் ஊரே திரண்டு நிற்கும் நாட்களும் ஒருவகையில் பயன்படும். ஒலிபெருக்கி அடங்கிய மறுநாளோடு ஒப்பிடலாம்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பறவைச் சத்தம் திடீரென்று கூடியதாகப் பலர் சொன்னது நினைவிருக்கும். அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் வெண்முடிச் சிட்டுகளைப் பதிவு செய்தவர்கள் கண்டது வேறு. பறவைகள் முன்பைவிட மெதுவாகவே பாடின, தாழ்ந்த சுரங்களையும் சேர்த்துக்கொண்டன. அப்படி மெதுவாகப் பாடியும் குரல் எட்டும் தூரம் இரட்டித்திருந்தது. நம் காதுக்குக் கூடுதலாகக் கேட்டது, நடுவிலிருந்த இரைச்சல் விலகியதால்.

இரவில் ஒரு தடவை

காலைப் பழக்கம் பிடிபட்டதும் ஓர் இரவு, அனுமதியோடும் துணையோடும், தோட்ட விளிம்பில் நின்று பாருங்கள். பக்கியின் டொக் டொக் ஒலி வெகுநேரம் விடாமல் வரும். செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குப் பெட்டி வைத்திருப்பார்கள். கூகை முழு இருட்டிலும் காதை மட்டும் கொண்டு எலியைப் பிடிக்க வல்லது. சருகில் எலி நகரும் மெல்லிய ஒலிதான் அதற்கு இரை இருக்கும் திசை. இரைச்சல் கூடும்போது ஆந்தை வகைகள் இரையைக் கண்டுபிடிப்பது குறைகிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சாலையோரப் பெட்டிகளையும் உள்பகுதிப் பெட்டிகளையும் ஒப்பிட உங்களுக்கு ஆசை வரலாம். பெட்டியை நெருங்கவோ விளக்கடிக்கவோ வேண்டாம். எந்தப் பெட்டியில் கூகை தங்குகிறது என்பது தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களைக் கேளுங்கள்.

சேர்த்து வைப்பது

பார்த்த, கேட்ட இனங்களை ஈபேர்ட் என்ற பறவைப் பட்டியல் தளத்தில் ஏற்றலாம். பதிவுகளை 2005இல் தொடங்கிய ஜீனோ-காண்டோ தளத்துக்கு அனுப்பலாம். உலகெங்கிலுமிருந்து அங்கே குரல்கள் வந்து சேர்கின்றன. கூட்டாகச் செய்ய விரும்பினால் 1940 முதல் இயங்கும் மலேசிய இயற்கைக் கழகத்தை அணுகலாம்.

அனுப்பும்போது பலரும் சுத்தமான பதிவை வைத்துக்கொண்டு லாரி புகுந்த பதிவை அழித்துவிடுகிறார்கள். நம் வேலைக்கு அழிக்கக் கூடாதது அதுதான். குறிப்புப் பகுதியில் சாலை எவ்வளவு தூரம், புல் வெட்டினார்களா, வாலிட் ஒலிபெருக்கி ஓடியதா என்று எழுதுங்கள். கோப்பின் பெயரில் இனம், இடம், தேதி, நேரத்தோடு பள்ளி நாளா விடுமுறை நாளா என்பதையும் சேருங்கள். அடுத்த பள்ளி விடுமுறை வரும்போது அதே மரத்தடியில், அதே 6 மணிக்கு எடுக்கும் பதிவை எதோடு ஒப்பிட வேண்டும் என்று அப்போது தேட வேண்டியிராது.